எர்த் கம்பியில் தொலைந்த 2 வோல்ட்: ஒரு குடும்பக் காரின் மின்கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டியும் குறையும்

இந்த ஆய்வுக்குரிய வண்டி, ஒன்பது ஆண்டுகள் ஓடிய, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் மேனுவல் கியரும் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் கார். தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில், மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில் அது நிற்கிறது. என் மைத்துனர் குடும்பத்துக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் குறுந்தொலைவு ஓட்டங்களே அதிகம். இடையிடையே சில நாள்கள் ஓடாமலே நின்றுவிடும். உப்புக்காற்று, குறுகிய ஓட்டம், நின்று கிடக்கும் நாள்கள் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வதற்குக் காரணம், பின்னால் வரும் அளவீடுகளை இவை இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது என்பதே.

குறை இதுதான்: காலையில் செல்ஃப் சோர்ந்து இழுக்கிறது, சில நாள்களில் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. இரவில் ஏசியும் ஹெட்லைட்டும் ஒன்றாக ஓடும்போது வண்டியை நிறுத்தி இன்ஜினை ஐடிலில் விட்டால் வெளிச்சம் மங்குகிறது. ஆனால் மீட்டர் போர்டில் உள்ள பேட்டரி எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, அப்போது இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்த பேட்டரியை மாற்றிப் புதியது போட்டிருந்தார்கள். சில வாரங்கள் நிலைமை நன்றாக இருந்தது. பிறகு பழைய கதையே திரும்பியது. அடுத்ததாகப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன், இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பேட்டரியின் மேல் மீட்டரை வைத்தார். 13.4 வோல்ட் காட்டியது. "அண்ணாச்சி, டைனமோ வீக் ஆயிட்டு, மாத்திருவோம்" என்பது அவர் தீர்ப்பு. அளவு சரியானது, அதிலிருந்து வந்த முடிவுதான் தவறு. அளந்த இடம் பேட்டரி. குற்றம் சாட்டப்பட்டது ஆல்டர்னேட்டர் (பட்டறைப் பேச்சில் டைனமோ; இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது). இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதையை யாரும் பார்க்கவில்லை. டைனமோவை மாற்றுவதற்கு முன்பு வீட்டிலேயே ஒருமுறை முறையாக அளந்து பார்ப்பது என்று முடிவானது.

கருவிகளும் முன்னெச்சரிக்கையும்

பெரிய கருவிகள் எவையும் தேவைப்படவில்லை. 10 ஆம்பியர் சாக்கெட் உள்ள சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், 10, 12 எண் ஸ்பேனர்கள், உப்புத்தாள், கம்பி பிரஷ், ஒரு டார்ச் விளக்கு, அளவுகளை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது கடைசியில் சொன்ன நோட்டுதான். மின்கோளாறு ஆய்வில் ஓர் அளவு தனியாக நின்று எதையும் சொல்வதில்லை, முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோடு கூட்டிக் கழித்துப் பார்க்கும்போதுதான் அது பேசும்.

மோதிரம், கைச்சங்கிலி, உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் பீடி, தீப்பெட்டி கூடாது. டெர்மினல்களைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். இந்த வரிசை தவறினால், நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியே பாயும். ஏர்பேக் இணைப்புகளிலும் (பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும்), ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களிலும் வீட்டில் கை வைக்கக் கூடாது. இங்கே சொல்லப்படுவது 12 வோல்ட் பகுதிக்கு மட்டுமே உரியது.

முதல் அளவு: ஓய்வில் இருக்கும் பேட்டரி

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எதையும் இயக்குவதற்கு முன்பு, பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 12.05 வோல்ட் இருந்தது. 12 வோல்ட் பேட்டரி என்று சொன்னாலும், அதில் உள்ள ஆறு செல்களும் ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம் தருவதால், முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு என்பது பொதுக் கணக்கு. ஆகவே இரண்டே மாதமான பேட்டரி, பாதிக்கும் கீழே கிடந்தது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு செல்ஃபையோ டைனமோவையோ சோதிப்பதில் பொருள் இல்லை. கிடைக்கும் எல்லா அளவுகளும் தாழ்வாகவே இருக்கும், எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய வழி இருக்காது. பேட்டரியை வெளிச் சார்ஜரில் ஓர் இரவு வைத்து, பிறகு சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தபோது 12.68 வோல்ட் கிடைத்தது. மேலும் சில மணி நேரம் இணைப்பின்றி வைத்தும் அந்த அளவு இறங்கவில்லை. பேட்டரி குற்றவாளி இல்லை என்பதற்கு முதல் சான்று அது. சுமையின்கீழ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அடுத்த சோதனை சொல்லும்.

இதற்கிடையே ஒரு சிறு செய்தி. நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த ஸ்கேனரை வண்டியின் பழுதறியும் இணைப்பான ஓபிடி சாக்கெட்டில் செருகிப் பார்த்தார். பி0562 என்ற பிழைக்குறி வந்தது. வண்டியின் மின்னழுத்தம் தாழ்ந்தது என்பது அதன் பொருள். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, ஆனால் மைத்துனர் ஏற்கெனவே சொன்னதையே அது வேறு எழுத்தில் சொன்னது. மின்னழுத்தம் எங்கே தொலைகிறது என்பதை அந்தக் குறியால் சொல்ல இயலாது. குறியைப் பார்த்துப் பாகம் வாங்கக் கிளம்பினால் அந்த எலக்ட்ரீசியனின் முடிவுக்கே வந்து சேர்ந்திருப்போம்.

செல்ஃப் இழுக்கும்போது எடுத்த அளவுகள்

இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டும் என்பதற்காக, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒருமுறை சாவியைத் திருப்பிக் குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர விட்டோம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில், சாவியைத் திருப்ப ஒருவர், மீட்டரைப் பார்க்க ஒருவர். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு நொடிக்கு மேல் இழுக்காமல், செல்ஃப் சூடாகாதபடி இடையில் ஓரிரு நிமிடம் ஓய்வு கொடுத்தோம்.

பேட்டரியின் ஈயக் குமிழ்களின் மேல் நேரடியாக வைத்து அளந்தபோது, செல்ஃப் சுற்றும் நேரத்தில் 10.6 வோல்ட் நின்றது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். எனவே பேட்டரி தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே இருந்தது 8.2 வோல்ட் மட்டுமே. பேட்டரி தருவதற்கும் செல்ஃப் பெறுவதற்கும் நடுவே 2.4 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. மோட்டார் சோர்ந்து சுற்றியதற்கு மோட்டார் காரணமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பது இந்த ஒரு கழித்தலில் தெரிந்துவிட்டது.

தொலைந்த வோல்ட்டைத் தேடும் முறை எளியது. மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது, ஒரே கம்பியின் இரு நுனிகளில் மீட்டரின் இரு முனைகளையும் வைக்க வேண்டும். கம்பியும் இணைப்பும் நன்றாக இருந்தால் மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டும். காட்டுகிற ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டும் அந்தத் துண்டில் வெப்பமாகப் போகும் இழப்பு. முதலில் நேர்ப் பாதை: பேட்டரியின் நேர்முனைக் குமிழிலிருந்து செல்ஃபின் பெரிய முனை வரை 0.3 வோல்ட். செல்ஃபின் நேர்ப் பாதைக்கு 0.5 வரை பொறுக்கலாம் என்பதால் அங்கே குறையில்லை. அடுத்து எர்த் பாதை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி: பேட்டரியின் எதிர்முனைக் குமிழிலிருந்து செல்ஃபின் உடல் வரை 2.1 வோல்ட். இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. 8.2, 0.3, 2.1 மூன்றையும் கூட்டினால் 10.6 வருகிறது, கணக்கு மிச்சமின்றி முடிந்ததால் வேறெங்கும் ஒளிந்த இழப்பு இல்லை என்ற உறுதியும் கிடைத்தது.

எர்த் பாதை ஒரே கம்பி அன்று. இந்த வண்டியில் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு கேபிள் பாடிக்குப் போகிறது; பாடியிலிருந்து பின்னல் கம்பி ஒன்று கியர்பாக்ஸுக்குப் போகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், அவை பாடியோடு உலோகத் தொடர்பு கொள்வதற்கு முதன்மையான வழி அந்தப் பின்னல் கம்பிதான். துண்டு துண்டாக அளந்ததில், குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே 0.05, கிளாம்பிலிருந்து பாடி வரை 0.1, பாடியிலிருந்து கியர்பாக்ஸ் உடல் வரை 1.95 வோல்ட். சந்தேகம் ஒரு சாண் நீளக் கம்பிக்குள் வந்து நின்றது.

அப்போது கவனத்துக்கு வந்த இன்னொரு தடயம்: சில முறை செல்ஃப் இழுத்த பிறகு கிளட்ச் கேபிளின் உறை கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் கம்பி வழிவிடாதபோது மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற உலோகத் தொடர்புகளைத் தேடிப் போகும். பழைய வண்டிகளில் இந்தக் கேபிள்கள் காரணம் தெரியாமல் இறுகிப்போவதும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகிப்போவதும் உண்டு. கேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டு எர்த்தைப் பார்க்காத பட்டறையில் அதே கேபிள் மறுபடியும் போகும்.

ஓம் அளவில் தெரியாத தடை

இந்தப் பின்னல் கம்பியை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் சோதித்தால் என்ன காட்டும் என்பதையும் பார்த்தோம். பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே 0.3 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலும் அதே 0.3 ஓம்; அதாவது மீட்டர் காட்டியது தன் வயர்களின் தடையைத்தான். தொடர்ச்சி சோதனையில் பீப் ஒலியும் கணீரென்று வந்தது. வயரை நல்லது என்று சொல்லி அனுப்பிவிட அது போதும்.

உண்மையான தடை எவ்வளவு என்பதை ஓம் விதியைக் கொண்டு கணக்கிடலாம். இவ்வளவு சிறிய பெட்ரோல் இன்ஜினைச் செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியரை ஒட்டிப் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், 1.95 வோல்ட் இழப்புக்கு ஏறத்தாழ 0.02 ஓம் தடை போதும். மல்டிமீட்டரின் ஓம் நிலை மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தியே அளப்பதால், 0.02 ஓம் அதற்குச் சுழியத்திலிருந்து வேறாகத் தெரியாது. குழாயைத் திறக்காத வரை அடைப்புள்ள குழாயிலும் முழு அழுத்தம் காட்டும். அடைப்பு தெரிய வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும். கார் மின்பாதைகளில் பெருமின்னோட்டம் பாயும் எந்தக் கம்பியையும் ஓம் அளவால் தேர்ச்சி செய்வதை நான் ஏற்பதில்லை. டெஸ்ட் லாம்புக்கும் இதே குறை உண்டு: அரை ஆம்பியர்கூடத் தேவைப்படாத சிறு பல்பு, நூறு ஆம்பியர் தாங்காத எர்த்திலும் பளிச்சென்று எரியும்.

கம்பியைக் கழற்றுவதற்கு முன்பு ஓர் உறுதிச் சோதனை செய்தோம். ஜம்பர் கேபிளின் கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனைக்கும் இன்ஜினைத் தூக்க உதவும் இரும்புக் கொக்கிக்கும் இடையே மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பியபோது, செல்ஃப் புது வண்டியைப் போல இழுத்தது. வீட்டில் ஜம்பர் கேபிள் இருக்கும் எவரும் இரண்டே நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. செல்ஃப் சோர்ந்தால் நான் முதலில் செய்யச் சொல்வதும் இதுவே; மீட்டரே இல்லாதவருக்கும் எர்த்தா, பிறிதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டைனமோ எப்படித் தப்பியது

ஆல்டர்னேட்டரின் உடல் இன்ஜினில் திருகப்பட்டிருக்கிறது. அதன் உள்ளிருக்கும் ரெகுலேட்டர், தன் வெளியீட்டு முனைக்கும் தன் உடலுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் பார்த்தே சார்ஜை ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள கெட்ட எர்த், செல்ஃபைப் போலவே சார்ஜையும் கெடுக்கும். ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டு, இன்ஜினைச் சுமார் 1,500 சுற்றில் வைத்து அளந்தபோது, ஆல்டர்னேட்டரின் முனையிலிருந்து அதன் உடல் வரை 14.3 வோல்ட் இருந்தது; பேட்டரியில் 13.4. இடைவெளியான 0.9 வோல்ட்டில் 0.1 நேர்க் கம்பியிலும் 0.8 எர்த்திலும் போயிருந்தன. எலக்ட்ரீசியன் கண்ட 13.4 வோல்ட்டுக்கு முழு விளக்கம் இதுதான். ஆல்டர்னேட்டர் தர வேண்டியதைத் தந்துகொண்டிருந்தது. பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியாததற்கும் இதுவே காரணம், ஏனெனில் ஆல்டர்னேட்டரின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகளில் பழுது உண்டா என்பதைப் பார்க்க, மீட்டரை மாறுமின்னோட்ட (ஏசி) வோல்ட் நிலைக்கு மாற்றி ஆல்டர்னேட்டரின் மேல் வைத்தபோது அலைவு 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. அரை வோல்ட்டை நெருங்கினால் டயோடைச் சந்தேகிக்கலாம். வெளிச்சம் மங்கியதற்கும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை: ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட வெகு வேகமாகக் குறையும், மின்னழுத்தம் 5 விழுக்காடு இறங்கினால் வெளிச்சம் 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அது தப்பியிருக்கலாம். இன்றைய வண்டியில் பேட்டரி என்ற தாங்கி அகன்ற நொடியில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியுவையே எரித்துவிடக்கூடும். யார் செய்ய வந்தாலும் வண்டியின் சொந்தக்காரர் தடுத்துவிட வேண்டும்.

கம்பியின் நிலையும் பழுதுநீக்கமும்

பேட்டரித் தட்டைக் கழற்றிய பிறகே பின்னல் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. பாடியில் திருகப்பட்ட லக்கின் (கம்பி நுனியில் போல்ட் நுழையும் துளையுள்ள உலோக முனை) மேற்புறம் பார்வைக்கு ஓரளவு நன்றாகவே இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோதுதான், லக்கின் அடியில் துருவும் பச்சைத் தூளும் ஒரு படலமாகப் படிந்திருந்தது தெரிந்தது. பச்சை, உப்புக்காற்றில் உள்ள குளோரைடு செம்பைத் தின்றதன் அடையாளம். செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். உப்பளக் காற்று வீசும் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கியர்பாக்ஸ் பக்கத்தில் பின்னலை வளைத்தபோது இழைகள் நொறுநொறுவென்று உடைந்தன.

லக்கைச் சுரண்டிப் பழைய கம்பியையே மாட்டியிருந்தால் சில மாதங்கள் ஓடியிருக்கும். அதைச் செய்யவில்லை. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இரு நுனியிலும் அழுத்திக் கட்டிய லக்குகளோடு புதிய எர்த் கம்பி ஒன்றைப் பேட்டரிக் கடையில் செய்து வாங்கினோம். சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சாலிடர் மட்டும் வைத்த லக்கை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து: இன்ஜினின் அதிர்வில், சாலிடர் முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் இழைகள் முறியும். பாடியில் லக் அமரும் இடத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வாஷர் வைத்து முறுக்கி, முறுக்கிய பிறகே மேலே கிரீஸ் பூசினோம். போல்ட்டை இறுக்குவதற்கு முன்பு தொடுபரப்பில் பெயின்ட் படுவதும் தூசி தங்குவதும் மறுபடியும் தடையை உண்டாக்கும்.

மீண்டும் அதே அளவுகள். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியில் 10.8, செல்ஃபில் 10.4, எர்த் பாதையில் 0.1, நேர்ப் பாதையில் 0.3. முன்பு 8.2 வோல்ட்டில் திணறிய அதே மோட்டார்தான். விளக்குகளைப் போட்டு அளந்ததில் பேட்டரிக்கு 14.1 வோல்ட் கிடைத்தது. டைனமோ வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

மீதியிருந்த இரண்டாவது கோளாறு

எர்த் சரியானதும் கோப்பை மூடிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. சுமார் நான்கு நொடி செல்ஃப் இழுப்பதற்கு நூறு ஆம்பியர் என்றாலும், செலவாவது 0.12 ஆம்பியர் மணியைத் தாண்டாது. வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. சார்ஜ் சற்றுக் குறைவாகக் கிடைத்தது என்பதை வைத்து மட்டும், இரண்டு மாதமான பேட்டரி 12.05 வோல்ட்டுக்கு இறங்கியதை விளக்க முடியாது. நின்ற வண்டியில் யாரோ மின்சாரம் குடிக்கிறார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். குடும்பம் வெளியூர் போயிருந்த இரண்டு நாள்களில் வண்டி நின்றது. திரும்பி வந்து அளந்தபோது, முழுச் சார்ஜில் விட்ட பேட்டரி 12.2 வோல்ட்டில் இருந்தது. செல்ஃப் அப்போதும் இழுத்தது. எர்த் சரியாக இல்லாதிருந்தால் அன்று வண்டி எழுந்திருக்காது, பழி மறுபடியும் பேட்டரியின் மேல் விழுந்திருக்கும்.

நின்ற வண்டியின் கசிவை அளப்பதற்கு மீட்டரைத் தொடரில் மாட்ட வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே, 10 ஆம்பியர் சாக்கெட்டில் வயரைச் செருகிய மீட்டர். இந்த நிலையில் சாவியை ஆன் செய்வதோ செல்ஃப் எடுப்பதோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், மலிவு மீட்டரில் அதற்குமேலும் போகலாம். பானெட் லாக்கையும் ஓட்டுநர் கதவு லாக்கையும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டி தன் கதவுகள் மூடியிருப்பதாக நம்பும்படி செய்துவிட்டு, ரிமோட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும்.

மாட்டியவுடன் மீட்டர் சில ஆம்பியர்களைக் காட்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வண்டியில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போவதற்கு அரை மணி நேரமோ, சில வண்டிகளில் அதற்கு மேலோ ஆகும். எல்லாம் அடங்கிய பிறகும் இந்த வண்டியில் 0.42 ஆம்பியர் நின்றது. 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய அளவு அது. 0.42 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி. ஒருமுறை செல்ஃப் எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தை இந்தக் கசிவு பதினேழு நிமிடத்தில் குடித்துவிடும். இவ்வாறு அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் ஈய அமிலப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, ஆயுள் குறையும். பழைய பேட்டரி இரண்டரை ஆண்டில் போனதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எந்த ஃபியூஸ் வழியே போகிறது என்பதைக் கண்டறிய, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். அதில் ஒரு சிக்கல்: ஃபியூஸைப் பிடுங்கி மறுபடியும் செருகும்போது உறங்கிய பெட்டிகள் விழித்துக்கொள்ளும், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஃபியூஸைத் தொடாமலே அளக்கும் முறையைக் கையாண்டோம். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டால், மின்னோட்டம் பாயாத ஃபியூஸ் சுழியம் காட்டும். பாயும் ஃபியூஸ் சில மில்லிவோல்ட் காட்டும். வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனதில், அறை விளக்குக்கும் ஆடியோவுக்கும் உரிய சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் 2.9 மில்லிவோல்ட் காட்டியது. 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை ஏறத்தாழ 7.5 மில்லிஓம் என்பதால், அதன் வழியே 0.39 ஆம்பியரை ஒட்டிப் போகிறது. மொத்தக் கசிவில் 0.03 நீங்கலாக எல்லாமே அங்கேதான், அந்த 0.03 எந்த வண்டிக்கும் இயல்பானது.

இந்த இடத்தில்தான் மைத்துனர், பழைய பேட்டரி போவதற்கு ஓராண்டு முன்பு தொடுதிரை ஸ்டீரியோ ஒன்றை வெளியே கொடுத்து மாட்டியதாகச் சொன்னார். யாரும் கேட்காததால் அதுவரை சொல்லவில்லை. வண்டியில் பின்னால் சேர்த்த எதையும், கேமராவோ ஹாரனோ ஸ்டீரியோவோ, முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சமாக்கும். ஸ்டீரியோவின் பின்புற இணைப்பைக் கழற்றியதும் கசிவு 0.03-க்கு இறங்கியது. வெளியே இழுத்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது: நினைவகத்துக்காக எப்போதும் மின்சாரம் பெற வேண்டிய மஞ்சள் வயரும், சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் பெற வேண்டிய சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, ஒரே டேப்புக்குள் இருந்தன. சாவியை எடுத்த பிறகும் சாவி இருப்பதாகவே ஸ்டீரியோவுக்குத் தோன்றியிருக்கிறது. திரையை அணைத்தால் திரை மட்டும் இருண்டது, உள்ளே இருந்த கணினி உறங்கவில்லை. சாவி வழி மின்சாரம் வரும் வயரைத் தேடுவதற்குச் சோம்பி இப்படி முறுக்கிவிடுவது அரிதன்று.

சிவப்பு வயரைப் பிரித்து, சாவி ஏசிசி நிலையில் (இன்ஜின் ஓடாமல் ஸ்டீரியோ போன்றவை இயங்கும் நிலை) இருக்கும்போது மட்டும் உயிர் பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸ் உள்ள கிளை இணைப்பு மூலம் மின்சாரம் கொடுத்தோம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எல்லாவற்றையும் வெட்டி, கிரிம்ப் செய்து (உலோக முனையில் அழுத்திக் கட்டி), வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டோம். வயரின் உறையில் ஊசி குத்தி அளக்கும் பழக்கம் இந்த ஊருக்கு ஆகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்; குத்திய துளை வழியே உப்பு ஈரம் உள்ளே போய், ஓராண்டில் அந்த இடம் பச்சையாகிவிடும்.

ஒன்றை ஒன்று மறைத்த விதம்

இரண்டு கோளாறுகளும் தனித்தனியே வந்திருந்தால் இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது. கெட்ட எர்த் மட்டும் இருந்திருந்தால், முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி 2 வோல்ட் இழப்பையும் தாங்கி இன்ஜினை எப்படியோ எழுப்பியிருக்கும். கசிவு மட்டும் இருந்திருந்தால், தினமும் ஓடும் வண்டியில் அது வெளியே தெரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்தபோது, கசிவால் சற்றுத் தாழ்ந்த பேட்டரியின் கடைசி 2 வோல்ட்டை எர்த் பிடுங்கிக்கொண்டது. புதிய பேட்டரி போட்டதும் சில வாரங்கள் நிலைமை சீரானது இதனால்தான்: உள்தடை குறைந்த புதிய பேட்டரிக்கு இழப்பைத் தாங்கும் இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியைக் கசிவு நாள்தோறும் அரித்துத் தீர்த்தது. பாகம் மாற்றியதும் குறை நீங்கினால் அந்தப் பாகமே காரணம் என்று கொள்வது இயல்பு. இந்த வண்டியில் அந்த இயல்பான முடிவே அடுத்த இரண்டு மாதங்களுக்கு ஆய்வை நிறுத்தி வைத்தது.

பின் அளவீடு

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு அதே இடங்களில் அதே முறையில் மறுபடியும் அளந்தோம். செல்ஃப் இழுக்கும்போது பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே 0.05 வோல்ட்; விளக்குகளோடு பேட்டரியில் 14.1, உறங்கிய வண்டியில் கசிவு 0.03 ஆம்பியர். மூன்று நாள் நின்ற பிறகு காலையில் ஓய்வு மின்னழுத்தம் 12.58. பாடி பக்க லக்கின் மேலிருந்த கிரீஸ் ஒரு பக்கம் மழையில் கழுவப்பட்டிருந்ததால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். இடப்பக்க ஹெட்லைட்டின் எர்த் போல்ட்டில் துரு தொடங்கியிருந்தது. விளக்கு எரியும்போது அதன் குறுக்கே 0.15 வோல்ட் இருந்தது, தேய்த்துத் திருகிய பிறகு 0.02 ஆனது. இந்த அளவுகள் எல்லாம் தேதியோடு நோட்டில் எழுதப்பட்டு, வண்டியின் புத்தகத்தோடு கிளவ் பாக்ஸில் வைக்கப்பட்டிருக்கின்றன.